எலும்பு அசல், கதை போலி

பழைய சாமான் வியாபாரம் செய்யும் கனவான்கள் இந்தக் கட்டுரையைப் படித்தால் என்மேல் கோபம் கொள்வார்கள். கொள்ளட்டும். கதை எழுதிப் பிழைக்கிற ஆசாமிக்குக் கதை சொல்லிப் பிழைக்கிறவர்கள்மேல் தொழிற்பொறாமை என்றுகூடச் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு வித்தியாசத்தை மட்டும் அவர்கள் மறந்துவிடக் கூடாது. நான் எழுதுவதன் தலைமாட்டில் 'சிறுகதை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டே பத்திரிகைக்காரர்கள் உங்களிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் விற்கிற கதையின்மேல் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருப்பதில்லை.

நான் பேச வந்தது எலும்புப் பிடி போட்ட பழைய மடக்குக் கத்திகளைப் பற்றி. நம் தாத்தாக்கள் 'பேனாக்கத்தி' என்றார்களே, அதுதான். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். இரும்பு நிப்பு வருவதற்கு முன் ஐரோப்பாவில் வாத்தின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினார்கள். அந்த இறகைச் சீவுவதற்கு ஒரு சின்னக் கத்தி வேண்டியிருந்தது. இறகு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பிறகு அது பென்சில் சீவிற்று, கடித உறை கிழித்தது, மாம்பழம் நறுக்கிற்று. கச்சேரிக் குமாஸ்தாவிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார்வரை எத்தனையோ பேர் சட்டைப் பையில் குடியிருந்தது.

இன்று அதற்கு வேறு யோகம் அடித்திருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் என் நண்பர்கள் சிலர் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில், வெல்வெட் துணி விரித்து அதன்மேல் ஒரு பழைய கத்தியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். விருந்தாளிக்குக் காப்பி வருவதற்குள் கத்தியின் சரித்திரம் வந்துவிடுகிறது. இந்தச் சரித்திரங்களை நான் நிறையக் கேட்டாயிற்று. சுருக்கிப் பார்த்தால் மூன்றுதான் தேறும்.

முதல் கதை பூந்தமல்லிக் கதை: "வெள்ளைக்காரச் சிப்பாய் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது." இரண்டாவது ஆவடிக் கதை: "இரண்டாவது உலக யுத்தத்தில் பட்டாளத்துக்கு வந்தது." மூன்றாவது துரை கதை: "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வேலையை மெச்சித் துரை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது." மூன்றாவது கதையை வியாபாரி சொல்வதில்லை. வாங்கியவரே கொஞ்ச நாளில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். கொள்ளுத்தாத்தாவையும் சேர்த்து விலைக்கு வாங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கதைகள் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பூந்தமல்லியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் படையின் தங்கல் இருந்தது, நிஜம். யுத்த காலத்தில் ஆவடியில் ராணுவக் கிடங்கு இருந்தது, அதுவும் நிஜம். ஒரு நிஜத்தை முன்னால் நிறுத்திவிட்டால் அதன் முதுகுக்குப் பின்னால் நாலு பொய் ஒளிந்துகொள்ளலாம். இந்த வித்தை எனக்கும் தெரியும். அம்பத்தூரில் உள்ள ஒரு தெருவின் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டால், அந்தத் தெருவில் நான் குடிவைக்கிற கதாநாயகியை வாசகர்கள் சந்தேகிப்பதே இல்லை. கதையில் அது கலை. கடையில் அதற்குப் பெயர் வேறு.

ஆவடி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழ்ப் பெயரே அல்லவாம். 'ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்டு டிப்போ ஆப் இந்தியா' என்பதன் தலையெழுத்துக்களைக் கோத்துச் செய்ததாம். டாங்கித் தொழிற்சாலையைக் காட்டிப் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். அந்தத் தொழிற்சாலை வந்தது 1961-இல். 1955 ஜனவரியிலேயே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பிள்ளை பிறப்பதற்கு 6 வருஷம் முன்னால் பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைத்தது யார்? இவ்வளவு பெரிய ஊருக்கே ஒரு போலிப் பிறப்புக் கதை கட்டி நம்ப வைக்க முடிகிறது என்றால், மூன்று அங்குலக் கத்திக்குக் கட்டுவதா கஷ்டம்?

ஊரின் கதையை எப்படி உடைத்தோமோ அப்படித்தான் கத்தியின் கதையையும் உடைக்க வேண்டும். வருஷத்தையும் வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 'யுத்தக் கத்தி' என்கிறார்களா? இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த மடக்குக் கத்திகளில் பிரசித்தமானது, கறுப்பாய், கட்டம் கட்டமாகச் சொரசொரப்புப் போட்ட செயற்கைப் பிடி கொண்டது. சர்க்கார் சொத்து என்பதற்கு அம்புக் குறியும் இருக்கும். பால் வெள்ளை எலும்புப் பிடியை நீட்டி 'சிப்பாய்க்குக் கொடுத்தது' என்றால், எந்தச் சிப்பாய்க்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 'விக்டோரியா மகாராணி காலத்தது' என்கிறார்களா? அலகைப் பாருங்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-இல். மகாராணி 1901-லேயே காலமாகிவிட்டார்.

அடுத்து, பெயர்ப் பைத்தியம். இந்தக் கத்திகளின் காசி ஷெபீல்டு. அங்கே கத்திக்காரர்களின் சங்கமே 1624-இல் ஏற்பட்டது. அந்த ஊர்க் கத்திகளில் நம் நாட்டில் பெயர் எடுத்தது ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அதன் முத்திரை. என் நண்பர்கள் கத்தியைக் கையில் வாங்கியதும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது இந்த இரண்டையும்தான். தென்பட்டுவிட்டால் முகத்தில் ஒரு பிரகாசம்! தென்படாவிட்டால் நல்ல கத்தியையும் ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

போலி என்பது இந்தக் காலத்து அயோக்கியத்தனம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ராஜர்ஸ் கம்பெனி தன் பெயரைத் திருடியவர்கள்மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து ஷெபீல்டு என்ற பொய்ப் பெயரோடு கத்திகள் வந்து குவிந்தன. அந்தக் கூச்சலும் சேர்ந்துதான் 1887-இல் பிரிட்டனில் வியாபாரச் சின்னச் சட்டம் வந்தது. 1889-இல் இந்தியாவுக்கும் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். திருட்டு இல்லாத ஊரில் பூட்டுக்கு என்ன வேலை? ஆகவே ஒரு கத்தி 130 வருஷப் பழசாக இருக்கலாம். அதன்மேல் உள்ள பெயர் அன்றைக்கே பொய்யாகவும் இருக்கலாம். பழசு என்பது ஒன்று, அசல் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஊட்டுவதில்தான் வியாபாரியின் சமர்த்து இருக்கிறது. இன்னும் ஒன்று: ராஜர்ஸ் என்ற பெயர் 1970-களுக்குப் பிறகு பல கை மாறி, இன்றும் புதுக் கத்திகளின்மேல் வந்துகொண்டிருக்கிறது. பெயரை மட்டும் பார்க்கிறவர் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக எண்ணி நமஸ்காரம் செய்ய வேண்டியதுதான்.

இனி, 'சோதனை' செய்கிற கோஷ்டி. இவர்கள் தங்களை விஞ்ஞானிகள் என்று கருதிக்கொள்கிறவர்கள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்துவார்கள். உருகினால் பிளாஸ்டிக், உருகாமல் மயிர் கருகிய நாற்றம் வந்தால் எலும்பு. 'அசல்!' என்று கூத்தாடுவார்கள். இதைவிட மடமை வேறு இல்லை. பழைய கத்திகளில் செல்லுலாய்டுப் பிடி போட்டவையும் உண்டு. அது நெருப்புக்காகவே காத்திருக்கிற பொருள், ஊசி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளக்கூடும். அசல் எலும்பாகவே இருந்தாலும், நூறு வருஷம் ஊறுபடாமல் வந்த சாமானில் ஒரு நிமிஷத்தில் சூடு போட்டாயிற்று. சீதைக்குத் தீக்குளிப்பு வைத்த தேசமாயிற்றே; நமக்கு நெருப்பில் தள்ளாமல் எதையும் நம்பத் தெரியாது.

அப்படிச் சுட்டு அறிந்ததுதான் என்ன? பிடி எலும்பு என்று அறிந்தோம். எலும்பு என்ன கிடைக்காத சரக்கா? இந்தப் பிடிகளுக்குப் போவது பெரும்பாலும் மாட்டின் காலெலும்பு. உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் கொம்பிலும் எலும்பிலும் சாமான் செய்வது இன்றும் நடக்கிற தொழில். போன மாசம் செத்த மாட்டின் எலும்பைத் தேயிலை டிகாக்ஷனில் ஊறப்போட்டு மூணு ஆணி அடித்துவிட்டால், ஊசிச் சோதனையில் அதுவும் முதல் வகுப்பில் தேறிவிடும். எலும்பு அசல், கத்தி போலி, கதை அதைவிடப் போலி. நெருப்பு வைத்தவருக்கு இதில் எது தெரிந்தது?

'தந்தப் பிடி' என்று ஏலம் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். தந்தத்தை அறுத்த முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும்; எலும்பில், ரத்தம் ஓடிய நுண்குழாய்கள் கரும்புள்ளிகளாகவும் சின்னச் சின்னக் கீற்றுகளாகவும் தெரியும். இதைப் பார்க்க நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. யானைத் தந்தத்தில் வியாபாரம் செய்வது இன்று இந்தியாவில் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எலும்பைத் தந்தம் என்று விற்றால் அவன் பொய்யன். நிஜமாகவே தந்தத்தை விற்றால் குற்றவாளி. இரண்டில் எவனிடம் நீங்கள் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறீர்கள்?

"பணம் உள்ளவன் ஏமாறுகிறான், உமக்கு ஏன் ஐயா வயிற்றெரிச்சல்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏமாறுகிறவர் பணம் உள்ளவர் மட்டுமாக இருந்தால் நான் பேனாவைத் திறந்திருக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். அவர் வைத்திருந்த மடக்குக் கத்தி அவருடைய தகப்பனார் வழியில் வந்தது. பூணில் அரத்தின் முனையால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்தார். பிடியின் ஒரு மூலை உடைந்திருக்கும். அந்த அம்மாள் வீட்டுக்குப் பழைய சாமான் வாங்க வந்த ஆள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். "இது பிளாஸ்டிக்கும்மா. டூப்ளிகேட்டு. கடையிலே வெச்சா எவனும் தொடமாட்டான். நீ கொடுக்கிறதாலே எடுத்துக்கிறேன்" என்றானாம். பழைய பேப்பர், உடைந்த இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றோடும் கத்திக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அம்மாள் என்னிடம், "அவரு அதை உசிராட்டம் வெச்சிருந்தாரு தம்பி. கடைசியிலே பாத்தா பிளாஸ்டிக்காம்" என்றார். அவர் குரலில் நஷ்டத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. செத்துப்போன மனுஷன் ஒரு போலியைப் போய்ப் பூஜித்துக்கொண்டிருந்தாரே என்ற அவமானம்.

இரண்டு மாசம் கழித்து ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் அதே கத்தியைப் பார்த்தேன். உடைந்த மூலை அப்படியே இருந்தது. பூணில் அந்த எழுத்தும் இருந்தது. விலை ஏழாயிரம். கதை, பூந்தமல்லிச் சிப்பாய்க் கதை. அந்தத் தமிழெழுத்தைக்கூட, "சிப்பாய் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான் பாருங்கள்!" என்று காட்டினார் நண்பர்.

இதுதான் என் வழக்கு. ஒரே கத்தி, வாங்கும்போது போலி, விற்கும்போது அசல். தீர்ப்புச் சொன்ன வாயும் ஒரே வர்க்கத்தின் வாய். அசல் போலி என்று நிர்ணயிக்கிற அதிகாரத்தை நாம் அந்த ஒரே வாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இல்லாதவரிடம் அது பொருளைப் பறிக்கிறது. இருக்கிறவரிடம் பணத்தைப் பறிக்கிறது. செத்தவரிடமிருந்தோ, அவர் கையில் வைத்துத் தேய்த்த ஆயுளையே பறித்து, பெயர் தெரியாத ஒரு சிப்பாய்க்குத் தானம் செய்துவிடுகிறது.

அந்த அதிகாரத்தைத் திருப்பி வாங்குவது அப்படியொன்றும் பிரம்ம வித்தை அல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கே விளங்குகிறது என்றால் உங்களுக்கு விளங்காதா?

கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் காதை மூடிக்கொள்ளுங்கள், கண்ணைத் திறவுங்கள். எலும்பில் கையால் வெட்டிய வரிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. முன்பக்கப் பிடியும் பின்பக்கப் பிடியும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் அது அச்சில் வார்த்த சரக்கு. எலும்பு வருஷக் கணக்கில் காய்ந்து சுருங்கும். அப்போது ஆணியைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் விழும். பூணுக்கும் பிடிக்கும் நடுவில் நகம் தட்டும்படி ஓர் இடுக்கு விழும். உள்ளங்கை படுகிற மேடு வழவழவென்று தேய்ந்திருக்கும். பள்ளத்தில் நிறமும் அழுக்கும் தங்கியிருக்கும். மேடும் பள்ளமும் ஒரே பழுப்பாக இருந்தால் அந்தப் பழுப்பு வயசால் வந்ததா, டிகாக்ஷனால் வந்ததா என்று யோசியுங்கள்.

பிடியும் அலகும் ஒரே வயசைச் சொல்ல வேண்டும். பிடி கிழமாகத் தேய்ந்து, அலகு மட்டும் சாணைக்கல்லையே காணாத கன்னியாக முழு அகலத்தோடு நின்றால், அது பொருந்தாக் கல்யாணம். யாரோ பின்னால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அலகின் அடிப்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். உண்மையான பழைய எழுத்தின்மேல் துருவின் குழிகள் ஏறிச் சென்று எழுத்தைத் தின்றிருக்கும். குழிகளுக்கு மேலே எழுத்து மட்டும் புத்தம் புதிதாக விளிம்பு கலையாமல் உட்கார்ந்திருந்தால், துரு முந்தியது, எழுத்து பிந்தியது. எழுத்துக்குப் பின் துரு வரலாம்; துருவுக்குப் பின் எழுத்து வந்தால் அது மோசடி.

இதையெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? வெல்வெட் விரித்த கடைக்குப் போகாதீர்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர்களும் டூல் ரூம்காரர்களும் உங்கள் தெருவிலேயே சாய்வு நாற்காலியில் இருக்கிறார்கள். வாழ்நாள் பூராவும் இரும்பில் அரம் பிடித்த அவர்களுக்குக் கையால் ராவியது எது, மெஷின் தின்றது எது என்று விரல் சொல்லும். அல்லது சைக்கிளில் சாணை கட்டிக்கொண்டு தெருவில் கூவி வருகிறவரைக் கேளுங்கள். அலகைக் கல்லில் தொட்டதும் தெறிக்கிற பொறியையும் எழும்புகிற ஓசையையும் வைத்து எஃகின் குணத்தை அவர் சொல்வார். அலமாரிக் கத்திக்கு ஏழாயிரத்தை எண்ணிக் கொடுக்கிற அதே கை, அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேதாந்தி வருவார். "எனக்குப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அசலானால் என்ன, போலியானால் என்ன?" என்பார். தெரியாமல் இருப்பது அவர் சுதந்திரம். ஆனால் இந்தக் கத்திகளைச் செய்தவர்கள் யார் என்று அவர் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். ஷெபீல்டின் சாணைத் தொழிலாளிகள் கல்தூசியையும் இரும்புத் தூசியையும் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, நடு வயசைப் பார்க்காமலே செத்தார்கள். எங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையைப் பற்றிய புத்தகத்தில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அலகின்மேல் முதலாளியின் பெயர் இருக்கிறது. இருமிச் செத்தவனின் பெயர் எங்கும் இல்லை. அவன் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்த வேலைதான். போலியை அதற்குச் சமமாக வைத்தால் அந்தக் கையெழுத்தையும் அழித்தாயிற்று. என் தெரு அம்மாளின் கணவர் கீறிய ஓரெழுத்துக்கு நேர்ந்ததும் அதுதான். வித்தியாசம் இல்லை என்கிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு வேதாந்தம் பேசட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை வியாபாரி சிப்பாய்க் கதையை ஆரம்பித்தால் பொறுமையாக முழுவதையும் கேளுங்கள். பிறகு, "இதையெல்லாம் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்ன வருஷம், இன்ன கம்பெனி, இன்ன எலும்பு" என்று சொல்லுங்கள். நூறு வயசுக்குக் குறையாத கைவேலைப் பொருள்களைத் தொல்பொருள் என்கிறது 1972-ஆம் வருஷத்துச் சட்டம். அவற்றை விற்கிற வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும் என்றும் சொல்கிறது. அதையும் கேட்டு வையுங்கள். விக்டோரியா காலத்துக் கத்திக்கு அந்த நிமிஷமே வயசு குறைய ஆரம்பிக்கும்.

விற்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கத்தியைப் போலி என்று ஒருவன் சொன்னால், அதை அவனிடம் விற்காதீர்கள். போலிக்குக் காசு கொடுக்க அவன் ஒன்றும் தர்மம் செய்ய வந்தவன் அல்ல.